பதினோரு மாத வீடு

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் நான் கேட்கவில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கிறவன் இல்லை. இருட்டைக் கண்டு நடுங்குகிறவனும் இல்லை. மீசை முளைக்கும் முன்பே காட்டுப் பன்றி விரட்டத் தனியாகப் பரண்மேல் படுத்துப் பழகியவன். அன்றைக்கு என் கண்ணிலும் கோளாறு இல்லை, காதிலும் கோளாறு இல்லை. பார்த்ததைத்தான் சொல்கிறேன். தொட்டதைத்தான் சொல்கிறேன்.

வருஷம் 1934. ஆனி மாதக் கடைசியும் ஆடி மாதமும்.

ஒகேனக்கல்லுக்குக் கீழே காவிரிக் கரையில் இருந்தது எங்கள் ஊர். புங்கமடுவு என்று பெயர். இப்போது தேடினால் கிடைக்காது. மேட்டூரில் அணை கட்டித் தேக்கிய தண்ணீருக்குள் போய்விட்டது.

திடீரென்று ஒன்றும் போய்விடவில்லை. தண்ணீர் எதுவரை வரும் என்று அளந்து, வருஷக்கணக்கில் முன்பே கல் நட்டிருந்தார்கள். அந்தக் கல் எங்கள் ஊருக்கும் மேலே, மேட்டில் நின்றது. அப்படியென்றால் ஊர் முழுக்கத் தண்ணீருக்கு அடியில். முதலில் எல்லோரும் பயந்தார்கள். ஒரு மழைக்காலம் போனது. இன்னொன்று போனது. தண்ணீர் வரவில்லை. ஆடுகள் அந்தக் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டன. எங்களுக்கும் அது வெறும் கல்லாகிவிட்டது.

அந்த இடைவெளியில்தான் எனக்குக் கல்யாணம் ஆனது. மனைவி பெயர் மாதம்மாள். பாலக்கோட்டுப் பக்கத்துப் பெண். அண்ணன் வீட்டில் ஒரே அறையில் நாங்களும், அவர்களும், தானியக் குதிரும். மாதம்மாள் தனி வீடு கேட்டாள்.

"கல்லு நட்டிருக்காங்க புள்ள," என்றேன்.

"கல்லு கெடக்குது. நாம இருக்கறோமில்ல," என்றாள்.

கட்டினோம். மண்ணைக் குழைத்து மிதித்தது பாதி அவள் கால். மஞ்சம்புல் கூரை, ஒரே அறை, பின்னால் சாமான் போட ஒரு சார்ப்பு. சுவருக்குச் செம்மண் பூச்சை அவள் உள்ளங்கையாலேயே தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினாள். ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபுகுந்தோம். மாசியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. ஆனி முடிவதற்குள் ஊரைக் காலி செய்யச் சொல்லித் தண்டோரா போட்டுவிட்டார்கள்.

பதினோரு மாதம். அவ்வளவுதான் அந்த வீட்டில் நாங்கள் இருந்தது.

ஊரே அழுதது. எதிர்வீட்டுக் காளியப்பன் குடும்பம் ஐந்து தலைமுறையாக அந்த மண்ணில் இருந்தது. அவர்தான் முதலில் வண்டி கட்டினார். பாப்பிரெட்டிப்பட்டியில் அவருக்கு உறவு இருந்தது. மாதம்மாள் அவருக்குத் தங்கை முறை. வண்டி ஏறும் முன் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன மாப்ள. ஒரு வருசங்கூட ஆகல, ஒட்டியும் ஒட்டாம இருந்தீங்க. எங்களுக்குத்தான் கொடல உருவுற மாதிரி இருக்குது."

ஆறுதலாகத்தான் சொன்னார். மாதம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று பட்டது. காளியப்பன் வீட்டார் அங்கே பிறந்து, சண்டை போட்டு, செத்து, எல்லாம் ஆகிவிட்டது. வாழ்ந்து முடித்துவிட்டுப் போகிறார்கள். இவள் இன்னும் தொடங்கவே இல்லை.

எல்லோரும் கதவையும் நிலையையும் கழற்றினார்கள். கூரை மரத்தைப் பிரித்து வண்டியில் ஏற்றினார்கள். புது இடத்தில் ஆகும் அல்லவா. நானும் கடப்பாரையை எடுத்தேன். மாதம்மாள் என் கையைப் பிடித்தாள்.

"நம்ம வூட்டப் பிரிக்க வேணாங்க. இருக்கட்டும்."

"தண்ணியில போற வூடு."

"போறப்ப போவட்டும். நம்ம கையால வேணாம்."

விட்டுவிட்டேன். அவள் உள்ளே சாணி மெழுகி, வாசல் கூட்டி, விளக்கு ஏற்றி வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். எல்லாப் பெண்களும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். அவள் பார்க்கவில்லை. அழவும் இல்லை. நான் அதை நல்லது என்று நினைத்தேன்.

பென்னாகரம் போகும் பாதையில், ஆற்றிலிருந்து ஏறி வர ஒன்றரை மணி நேரம் ஆகும் மேட்டில், ஓலைக் கொட்டாய் போட்டு இறங்கினோம். சிவப்புச் சரளை மண். கிணறு தோண்டியும் தண்ணீர் வரவில்லை. பெண்கள் நெடுந்தூரம் நடந்து குடம் சுமந்தார்கள். அண்ணன் கொட்டாயும் எங்கள் கொட்டாயும் ஒட்டி ஒட்டி இருந்தன.

நான் கவனிக்கச் சில நாள் ஆனது.

விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மாதம்மாள் கூரையைத் தாங்கும் நடுக்காலில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவாள். கண் திறந்திருக்கும். கூப்பிட்டால் பதில் வராது. தோளைத் தொட்டால் அசைய மாட்டாள். நன்றாக இருட்டிய பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல் ஒரு பெருமூச்சு. "கூப்புட்டீங்களா?" என்பாள்.

பென்னாகரம் போய் வைத்தியரிடம் மருந்து வாங்கி வந்தேன். காய்ச்சல் இல்லாத உடம்புக்கு என்ன மருந்து என்று அவரே தயங்கித்தான் கொடுத்தார். அண்ணி ராணியம்மாள், "வயித்துல புள்ள இருக்கறப்ப இப்பிடித்தான் அசத்தும் தம்பி," என்றார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு நாள் அவள் காலைப் பார்த்தேன்.

பாதம் முழுக்கக் கறுப்பு வண்டல். ஈரம் காயவில்லை. விரல் இடுக்கில் ஆற்று மணல் மின்னியது.

அவள் அன்றைக்குக் கொட்டாயை விட்டு எங்கும் போகவில்லை. எங்கள் மேட்டில் கறுப்பு மண் கிடையாது.

"கால்ல என்ன புள்ள?"

குனிந்து பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

சோறும் குறைந்தது. தட்டை வைத்தால், "சாப்புட்டன்," என்பாள். எப்போது என்று கேட்டால் யோசிப்பாள். யோசித்துக்கொண்டே இருப்பாள்.

*

ஆடி பிறந்தது. பழைய வீட்டுச் சார்ப்பில் என் ஏர் தங்கிவிட்டது. மழைக்கு முன் உழ வேண்டும். எடுத்து வரலாம் என்று ஒரு மத்தியானம் கிளம்பினேன். வழியில் மேய்ந்துகொண்டிருந்த அண்ணன் மாட்டுக்குக் கொம்பு முறிந்து ரத்தம் கொட்டி, அதற்குக் கட்டுப் போட்டதில் நேரம் போய்விட்டது. ஊருக்குள் இறங்கும்போது பொழுது மேற்கு மலைக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெளிச்சம் மட்டும் மிச்சம்.

கூரை இல்லாத சுவர்கள். கதவு இல்லாத வாசல்கள். வாசலுக்குள் பார்த்தால் வானம் தெரிந்தது. ஆற்றின் இரைச்சல் தெருவுக்குள்ளேயே கேட்டது. முன்பெல்லாம் அது அவ்வளவு பக்கத்தில் கேட்காது.

எங்கள் வீட்டு வாசல் கூட்டியிருந்தது.

நின்றேன். விளக்குமாற்றின் கோடு மண்ணில் பிறை பிறையாகக் கிடந்தது. ஆடிக்காற்று புழுதியை வாரி இறைக்கிற காலம். அந்தக் கோடு ஒரு நாழிகைகூட நிற்காது.

காளியப்பனின் பழைய நாய் வாசலில் படுத்திருந்தது. அவர் வண்டிக்குப் பின்னால் போக மறுத்து ஊரிலேயே தங்கிவிட்ட நாய். பட்டினியில் எலும்பாகியிருக்கும் என்று நினைத்திருந்தேன். கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்து எழவில்லை. மூடிய கதவைப் பார்த்து வாலை ஆட்டியது.

கூரைப் புல் வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது.

மாடு மேய்க்கிறவன் எவனாவது தங்கியிருப்பான் என்றுதான் நினைத்தேன். கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ் போட்டிருந்தது.

தட்டினேன்.

உள்ளே வளையல் சத்தம்.

"யாரு?"

எனக்கு அந்தக் குரல் தெரியும்... தெரியாமல் எப்படி இருக்கும்.

வாய் தானாகச் சொன்னது. "நாந்தான்."

"இருங்க. களி கிண்டிக்கிட்டு இருக்கன். கை எடுக்க முடியாது."

துடுப்பு பானையில் உரசும் சத்தம் கேட்டது. கர்ர்... கர்ர்... ஒரே சீராக. அவள் கை அப்படித்தான் கிண்டும்.

பிறகு அந்தச் சத்தம் நின்றது.

காலடி... கதவை நோக்கி வந்தது.

நான் ஓடினேன். ஏரை எடுக்கவில்லை. மேட்டு வழியில் எங்கே விழுந்தேன், எங்கே எழுந்தேன் என்று தெரியாது. முழங்கால் கிழிந்து கொட்டாய்க்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக இருட்டியிருந்தது.

மாதம்மாள் நடுக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அண்ணி.

"பொழுது சாஞ்சதுல இருந்து இப்பிடியே கெடக்கறா தம்பி," என்றார் அண்ணி. குரல் சரியில்லை. "கொஞ்ச நேரத்துக்கு முன்னால வாயத் தொறந்து பேசுனா. இருங்க, களி கிண்டிக்கிட்டு இருக்கன், கை எடுக்க முடியாதுன்னு. யாருகிட்ட சொன்னான்னு தெரியல. இன்னைக்கி நாங்க அடுப்பே பத்த வெக்கல."

நான் அவள் எதிரில் உட்கார்ந்தேன். கண் சிமிட்டினாள். பெருமூச்சு விட்டாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு வருத்தம் இருந்தது.

"கதவத் தொறக்கறதுக்குள்ள போயிட்டீங்களே," என்றாள்.

*

அன்றைக்கு அவளிடம் மெதுவாகக் கேட்டேன். மறைக்கவில்லை. மறைக்க அவளிடம் எதுவும் இல்லை.

"கனவுன்னுதான் நெனைக்கறன். பொழுது சாஞ்சா நம்ம வூட்டுல இருக்கன். கூட்டறன், மொழுவறன், ஒல வெக்கறன். அங்க ஒடம்பு லேசா இருக்குது. அப்புறம் யாரோ இழுத்தாப்ல இங்க வந்துடறன்."

"அங்க போவாத புள்ள."

"நான் எங்கங்க போறன். அங்க இருக்கன். இங்கதான் வர்றன்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பதினோரு மாசந்தானுங்க இருந்தோம்."

அதற்குப் பிறகு நாளுக்கு நாள் நேரம் கூடியது. முதலில் விளக்கு வைக்கும் நேரம் மட்டும். பிறகு வெயில் தாழ்ந்ததும். பிறகு மத்தியானமே. அவள் "இங்கே" இருந்த நேரம் சுருங்கிச் சுருங்கி, காலையில் கொஞ்சம் என்று ஆகிவிட்டது. உடம்பு இளைத்தது. வயிறு மட்டும் தெரிந்தது.

காவிரிக்கு மேலே மலைப் பக்கம் மழை பிடித்துவிட்டது என்று செய்தி வந்தது. அணையில் தண்ணீர் ஏறுகிறது, விட்டுப்போன சாமான் இருந்தால் உடனே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அதுவரை தைரியம் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அழுதார்.

"தண்ணி அந்த வூட்டுக்குள்ள பூந்தா இவ என்ன ஆவா தம்பி?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போயிக் கூட்டியாங்க. பேரச் சொல்லிக் கூப்புடுங்க. கையப் புடிச்சிக் கூட்டியாங்க."

போனேன்.

*

தண்ணீர் கீழ்த்தெருவுக்குள் வந்திருந்தது. காவிரி வெள்ளம் எனக்குத் தெரியும். அது இரைந்துகொண்டு, மரம் மட்டையை உருட்டிக்கொண்டு வரும். இது அப்படி இல்லை. சத்தமே இல்லை. பாய் விரிக்கிற மாதிரி ஊர்ந்து வந்தது. சுவர் ஓரமாக எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறின. ஒரு சாரைப் பாம்பு என்னைப் பொருட்படுத்தாமல் மேட்டைப் பார்த்துப் போனது. காளியப்பன் வீட்டுச் சுவர் என் கண்ணெதிரிலேயே கரைந்து, தொப்பென்று உட்கார்ந்தது.

எங்கள் வீட்டருகில் போகும்போது தண்ணீர் எனக்கு முழங்கால் அளவு.

கதவு திறந்திருந்தது.

வாசற்படியில் கால் வைத்தேன். உள்ளே இறங்கினேன்.

தரை காய்ந்திருந்தது.

வெளியே முழங்கால் தண்ணீர். வாசற்படியோ ஒரு சாண் உயரம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. சாணி மெழுகிய வாசம். அகல் எரிந்தது. அவள் எனக்கு முதுகு காட்டி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா. உக்காருங்க."

திரும்பினாள். மாதம்மாள்தான். இளைத்த மாதம்மாள் இல்லை. கல்யாணத்தின்போது இருந்த மாதிரி கன்னத்தில் சதை இருந்தது. புடவையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள்.

வயிறு இல்லை.

நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றுவரை தெரியாது. கூட்டி வரத்தானே போனேன். உட்கார்ந்ததும் பயம் போய்விட்டது. வயலில் வேலை முடித்துவிட்டு வந்து உட்காருவேனே, அதே மாதிரி இருந்தது. அடுப்பில் மொச்சைக் குழம்பு கொதித்தது. இருந்துவிடலாம் என்று தோன்றியது. அதை இப்போது நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பிறகு மேலே பார்த்தேன்.

கூரை மரத்தில் தூளி கட்டியிருந்தது.

நாங்கள் தூளி கட்டவில்லை. கட்டுவதற்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அவளுடைய பழைய மஞ்சள் புடவை. கனமாகத் தொங்கியது. மெதுவாக... ஆடியது.

"மாதம்மா," என்றேன். குரல் பெரிதாக வந்துவிட்டது.

"சத்தம் போடாதீங்க," என்றாள். "இப்பத்தான் தூங்குச்சு."

நான் கையை நீட்டினேன்.

"வா... போலாம்."

"எங்கங்க?"

"வூட்டுக்கு."

"இது என்னங்க?"

எழுந்தேன். அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சுட்டது. அடுப்படியில் இருந்த கை. உள்ளங்கையில் களிமாவு ஒட்டியிருந்தது. உயிருள்ள கை.

இழுத்தேன். வந்தாள். ஒரு அடி. இன்னொரு அடி. வாசற்படி வரை வந்தாள்.

அங்கே நின்றாள்.

திரும்பித் தூளியைப் பார்த்தாள்.

"அத வுட்டுட்டு எப்பிடிங்க வர்றது?"

நான் தூளிக்குள் பார்க்கவில்லை.

உள்ளே ஏதோ புரண்டது. சின்னச் சத்தம்... ம்ம்... என்று.

அவள் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். கோபமாக இல்லை. வயலுக்கு அனுப்புகிற மாதிரிதான் சொன்னாள்.

"நீங்க போயிட்டு வாங்க."

வெளியே தண்ணீர் என் இடுப்புக்கு வந்திருந்தது.

நடந்தேன்... நீந்தினேன்... கரை ஏறித் திரும்பிப் பார்த்தேன். ஊர் இல்லை. தண்ணீர் மட்டும் இருந்தது. அதன் நடுவில் ஒரு அகல் வெளிச்சம்.

அது ஆடவில்லை. அணையவும் இல்லை.

*

மேட்டில் ஏறும்போதே ஒப்பாரிச் சத்தம் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் உயிர் போயிருக்கிறது. அண்ணி மடியில் தலை வைத்திருந்தாள். அண்ணி விட்டு விட்டுச் சொன்னார்.

"ஒரு கைய நீட்டிக்கிட்டே இருந்தா தம்பி. யாரோ புடிச்சி இழுக்கற மாதிரி. நாங்கூட பொழச்சிக்கிட்டான்னு நெனச்சன். அப்புறம் அவளே கைய மடக்கிக்கிட்டா."

இன்னொன்றும் சொன்னார். குளிப்பாட்ட வந்த பெண்கள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்களாம். ஆறு மாத வயிறு. காலையில்கூடத் தெரிந்த வயிறு. ஒன்றுமே இல்லாத மாதிரி தட்டையாகக் கிடந்ததாம். ரத்தம் இல்லை. எதுவும் இல்லை. அவர்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஊரார் சுரம் கண்டு போனாள் என்று பேசிக்கொண்டார்கள். நானும் கேட்டவர்களிடம் அப்படியே சொன்னேன்.

அந்தப் புது மேட்டில் தோண்டிய முதல் குழி அவளுடையது.

பிறகு என்னால் அங்கே இருக்க முடியவில்லை. என் பங்கு நிலத்தை அண்ணனிடமே விட்டுவிட்டுக் கிளம்பினேன். தருமபுரியில் இருந்தேன். மொரப்பூரில் இருந்தேன். கடைசியில் அரூர் வந்து ஒரு புளி மண்டியில் எடை போடும் வேலையில் சேர்ந்தேன். வாடகை வீடுதான். ஒரு வீட்டில் ஒரு வருஷம் முழுதாக இருந்ததில்லை. குடித்தனம் நன்றாகத்தான் போகும். சுற்றி இருப்பவர்களும் நல்லவர்களாக இருப்பார்கள். பத்து மாதம் தாண்டினால் போதும், சாயங்காலம் வாசலில் நிற்கும்போது வேறெங்கோ போக வேண்டியவன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். மூட்டை கட்டிவிடுவேன். இன்னொரு கல்யாணத்துக்கு அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் சொல்லியே இருக்க மாட்டேன். பயத்தில் ஏதோ கண்டேன் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். வருஷங்கள் போகப் போக அது கொஞ்சம் முடிந்தும் இருந்தது.

1943. வைகாசி மாதம். அரூர்ச் சந்தையில் பட்டப்பகலில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். திரும்பினால் காளியப்பன். தலை முழுக்க நரைத்திருந்தது. ஊரைவிட்டுப் போன நாளுக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. மாதம்மாள் போன செய்தி பாப்பிரெட்டிப்பட்டி வரை போயிருக்கவில்லை. சொல்லி அனுப்ப எனக்கும் மனம் வந்ததில்லை.

எப்படிச் சொல்வது என்று நான் வாயெடுப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார்.

"எப்ப வந்தீங்க மாப்ள? அங்கிருந்து அரூர் வரைக்கும் சந்தைக்கு வர்றீங்களா?"

"எங்கிருந்து?"

"நல்லா கேட்டீங்க. போன மாசந்தான பாத்தன். நீங்க மறந்துட்டீங்க போல."

ஒகேனக்கல்லில் அவருடைய தம்பி முறையுள்ள ஒருவர் பரிசல் ஓட்டுகிறாராம். கோடையில் தண்ணீர் நன்றாக வடிந்திருக்கிறது, பழைய ஊர் இருந்த இடம் தெரியும் என்று சொன்னாராம். சாவதற்குள் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காளியப்பன் அவரோடு பரிசலில் போயிருக்கிறார். எல்லாம் கரைந்து வெறும் சேற்றுத் திட்டாகக் கிடந்ததாம். அவர் வீடு இருந்த இடம்கூடத் தெரியவில்லையாம்.

"உங்க வூடு மட்டும் அப்பிடியே நிக்குது. எனக்கு நம்பவே முடியல. எல்லாரும் பயந்து ஓடுனோம், நீங்க ரெண்டு பேருந்தான் கெட்டியா இருந்துட்டீங்க."

அவர் நிறுத்தவில்லை.

"நீங்க வாசல்ல கட்டிலப் போட்டு உக்காந்திருந்தீங்க. பரிசல்ல இருந்தே கூப்புட்டன். கையத் தூக்குனீங்களே, ஞாபகம் இல்லையா? கரைக்கி வரலாம்னு பாத்தன். பொழுது போச்சு, சுழல் இருக்குதுன்னு பரிசக்காரன் திருப்பிட்டான்."

சந்தை இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"பொண்ணு நல்லா வளந்துட்டா. எட்டு வயசு இருக்குமா? அப்பிடியே தங்கச்சி ஜாடை. உங்க தோள்ல சாஞ்சிக்கிட்டு எங்களையே பாத்துக்கிட்டு நின்னா. பேர் என்ன வெச்சீங்க மாப்ள?"

அவர் முகத்தையே பார்த்தேன். விளையாட்டு இல்லை. அவர் அப்படிப்பட்டவரும் இல்லை.

நானும் மாதம்மாளும் குழந்தைக்குப் பேர் பற்றிப் பேசியதே கிடையாது. பிறக்கும் முன் பேசக் கூடாது என்பாள். என் மனதிலும் எந்தப் பேரும் இருந்ததில்லை. ஆனால் அவர் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"முத்தக்கா."

காளியப்பன் தலையை ஆட்டினார்.

"அதான். முத்தக்கா, முத்தக்கான்னுதான் தங்கச்சி உள்ளார இருந்து சோத்துக்குக் கூப்புட்டுது. காத்துல எனக்குச் சரியா காதுல வுழல. அதான் கேட்டன்."